வகுப்பில் ஆசிரியர் தவறாகச் சொல்லிவிட்டால்: அங்கேயே சொல்வதா, அப்புறம் சொல்வதா?

#1 இரண்டாம்பெஞ்ச்

வணக்கம். நான் பள்ளி மாணவன், இங்கே புதிது. வகுப்பில் நடந்த ஒரு விஷயத்துக்கு யோசனை வேண்டும்.

விமானம் எப்படிப் பறக்கிறது என்று இயற்பியல் சார் விளக்கினார். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அதனால் இறக்கை மேலே தூக்கப்படுகிறது. இப்படித்தான் நோட்டிலும் எழுத வைத்தார்.

இதில் "ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும்" என்பது தவறு என்று முன்பே படித்திருக்கிறேன். நாசாவின் கிளென் ஆய்வு மையம் மாணவர்களுக்காக வைத்திருக்கும் பக்கங்களில் இதைத் தவறான விளக்கம் என்றே தலைப்புக் கொடுத்துப் போட்டிருக்கிறார்கள். மேலே போகும் காற்று உண்மையில் கீழே போகும் காற்றுக்கு முன்பாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. சார் நல்லவர்தான், ஆனால் பாடத்தின் நடுவில் யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. என் கேள்வி இரண்டு. இந்த மாதிரி நேரத்தில் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டுமா, தனியாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? தேர்வில் இது வந்தால் எதை எழுதுவது?

#2 சும்மாவந்தேன்

அவர் சொன்னதை எழுது, மார்க்கை வாங்கு, அப்புறம் உலகத்தைத் திருத்து.

#3 வட்டமேசை

முதலில் இது எந்த வகைத் தவறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வாய் தவறுவது ஒன்று, விஷயமே தவறாக மனத்தில் இருப்பது வேறொன்று. போர்டில் ப்ளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போடுவது முதல் வகை. அது அவருக்கும் தெரிந்த விஷயம்தான், கை முந்திவிட்டது, அவ்வளவுதான். அதைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெரிய ஆட்களுக்கும் இது வரும். அலெக்சாண்டர் குரோதெண்டீக் என்ற கணித மேதையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஏதோ ஒரு விவாதத்தில் ஒருவர், பொதுவாகப் பேசாமல் ஒரு பகா எண்ணை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். இவர் சட்டென்று 57 என்றாராம். 57 என்பது 3 பெருக்கல் 19. அதற்காக யாரும் அவருடைய கணிதத்தைச் சந்தேகிக்கவில்லை. கணிதக்காரர்கள் இன்றும் வேடிக்கையாக அந்த எண்ணுக்கு அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

உன் சார் விஷயம் இரண்டாம் வகை. அவர் அப்படித்தான் படித்திருப்பார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் படித்திருப்பார். இறக்கை பற்றிய இந்த விளக்கம் பல புத்தகங்களில் அச்சாகி வந்த ஒன்று. நாக்கில் இனிப்புக்கு ஒரு பகுதி, கசப்புக்கு ஒரு பகுதி என்று படம் போட்டுச் சொல்லித்தந்தார்களே, அதுவும் இப்படித்தான். 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதில் கிளம்பிய படம் அது. எல்லாச் சுவையும் நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் தெரியும். இந்த மாதிரித் தவறை ஒரு வரியில் திருத்த முடியாது, ஏனென்றால் எதிரில் நிற்பது ஆசிரியர் மட்டும் இல்லை, புத்தகமும்தான்.

#4 நேர்வாக்கு

எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? தவறு என்றால் தவறு. எழுந்து நின்று "சார், இது சரியில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். நக்கீரர் யார் முன்னால் நிற்கிறோம் என்று பார்த்தா பேசினார்?

#5 கணக்குப்பிள்ளை

நக்கீரரை யாராவது இழுத்து வருவீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நாலாவது பதிவிலேயே வந்துவிட்டார்.

நேர்வாக்கு, நீங்கள் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எழுந்து நிற்கிறவர் சரியாக இருக்க வேண்டுமே! மாண்டி ஹால் புதிர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். எதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த நடத்துநர், மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். 1990-இல் மேரிலின் வாஸ் சாவண்ட் தன் பத்திரிகைப் பத்தியில், மாற்றினால் காருக்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு, மாற்றாவிட்டால் மூன்றில் ஒன்று என்று பதில் எழுதினார். அதற்குச் சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன. அதில் ஏறக்குறைய ஆயிரம் கடிதம் முனைவர் பட்டம் பெற்றவர்களிடமிருந்து. பெரும்பாலோர் அவர் சொன்னது தவறு என்று எழுதினார்கள், சிலர் கேலியும் செய்தார்கள். அவர் சொன்னதுதான் சரி. பால் ஏர்டிஷ் மாதிரி ஒரு பெரிய கணித மேதையே கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார் என்று பதிவாகியிருக்கிறது.

அந்தக் கடிதம் எழுதிய யாருக்கும் தாம் தவறாக இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. சரியாக இருக்கிறபோது மனத்தில் வரும் உறுதியும் தவறாக இருக்கிறபோது வரும் உறுதியும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் வாயைத் திறக்கும் முன் மூன்று விஷயம் பார்ப்பேன். அவர் அப்படித்தான் சொன்னாரா, அல்லது எனக்கு அப்படிக் கேட்டதா? எளிமைக்காக வேண்டுமென்றே சுருக்கிச் சொன்னாரா? எனக்குத் தெரிந்தது எங்கிருந்து வந்தது? மூன்றாவதில்தான் பலரும் விழுவார்கள். நேற்று இரவு பார்த்த ஒரு வீடியோ ஆதாரம் ஆகாது.

இரண்டாம்பெஞ்ச் விஷயத்தில் இந்த மூன்றும் சரியாகத்தான் இருக்கிறது. அவன் சொல்ல வேண்டியதுதான். எப்படி என்பதுதான் கேள்வி.

#6 சாக்பீஸ்தூசி

நான் ஆசிரியர். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

திருத்துவது எங்களுக்கு வலிப்பதில்லை. சொல்கிற பையன் முதலில் என்னைப் பார்க்கிறானா, பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைப் பார்க்கிறானா, அதுதான் வலிக்கும். முன்னதில் விஷயம் இருக்கும், பின்னதில் வேடிக்கை இருக்கும். ஒரே வாக்கியம்தான், ஆனால் நாற்பது பேருக்கு முன்னால் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் அரை நொடியில் தெரிந்துவிடும்.

வாய் தவறியதை உடனே சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம். போர்டில் மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டால், பதினைந்தாவது வரி வந்த பிறகு சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். "சார், மூன்றாவது வரியில் மைனஸ்?" அவ்வளவு போதும். ஏன் மைனஸ் என்று விளக்க ஆரம்பிக்க வேண்டாம், எங்களுக்குத் தெரியும்.

அடுத்து, எதுவானாலும் தனியாகச் சொல்லுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. வராண்டாவில் வந்து சொல்கிறீர்கள், நான் "ஆமாம்பா, நல்லது" என்கிறேன், இருவரும் போய்விடுகிறோம். என் மானம் தப்பியது, உங்கள் மனம் நிம்மதி. ஆனால் நாற்பது நோட்டிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது! தவறு நடந்தது என் வாயில் என்றாலும் இப்போது அது குடியிருப்பது அந்த நோட்டுகளில். அதனால் தனியாகச் சொல்கிறவர்கள் கடைசியில் ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: "அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடுவீர்களா சார்?" கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதைக் கேட்காவிட்டால் திருத்தியதாகவே கணக்கு இல்லை.

வகுப்பிலேயே கேட்பதானால் கேள்வியாகக் கேளுங்கள், ஆனால் நிஜமான கேள்வியாக. "எனக்கு ஒரு சின்ன சந்தேகம் சார், ஒருவேளை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்னவோ..." என்று தேன் தடவிக்கொண்டு வருவது எங்களுக்கு உடனே தெரியும், அது நேராகச் சொல்வதைவிட எரிச்சல் தரும். எந்தப் பதில் வந்தாலும் யோசிக்கத் தயாராக இருக்கிறீர்களே, அதுதான் நிஜமான கேள்வி. இரண்டாம்பெஞ்ச் இப்படிக் கேட்டிருக்கலாம்: "சார், சாகச விமானங்கள் தலைகீழாகப் பறக்கும்போது வளைவு கீழே வந்துவிடுகிறதே, அப்போது எப்படி விழாமல் இருக்கிறது?" இதைக் கேட்டால் அவரும் யோசிப்பார், வகுப்பும் யோசிக்கும். அவருக்கு விடை தெரியாவிட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல இடமும் இருக்கிறது.

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த ஆசிரியருக்கும் நல்ல புத்தி வேலை செய்யாது.

#7 நேர்வாக்கு

> "எந்தப் பதில் வந்தாலும் யோசிக்கத் தயாராக இருக்கிறீர்களே, அதுதான் நிஜமான கேள்வி"

விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி எப்படி நிஜமாகும்? அதுவும் வேடம்தானே. நான் நேராகச் சொல்வதில் குறைந்தபட்சம் நேர்மையாவது இருக்கிறது.

#8 பேச்சாய்வுமாணவி

நேர்வாக்கு கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கேள்வியாகக் கேட்பது யாரோ கற்பித்த நாசூக்கு இல்லை, மனிதர்கள் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறார்கள்.

இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து, நிறுத்தம், இழுவை உட்பட எழுதிவைத்து ஆராய்ந்தார்கள். பேச்சில் வரும் பிழைகள் எப்படிச் சரியாகின்றன என்பது பற்றி 1977-இல் வந்த அவர்களுடைய கட்டுரை எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. பேச்சில் தவறு வந்தால் கேட்பவர் பாய்ந்து திருத்துவது மிகக் குறைவு. முதலில் கொஞ்சம் காத்திருக்கிறார், பேசியவரே சரிசெய்ய இடம் விட்டு. அதுவும் நடக்கவில்லை என்றால் "என்ன?", "யார்?", "செவ்வாய்க்கிழமையா?" என்று ஒரு சின்னக் கேள்வி. பெரும்பாலும் அதிலேயே பேசியவர் புரிந்துகொண்டு தானே திருத்திவிடுகிறார். நேரடியாகத் திருத்துவது கடைசிப் படி. ஆக, கேள்வி என்பது வேடம் இல்லை. நீங்களே சரிசெய்யுங்கள் என்று இடம் விடுவது.

சிலர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1976 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, சோவியத் பிடியில் இருந்த கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். கேள்வி கேட்ட பத்திரிகையாளர் மேக்ஸ் ஃப்ராங்கெலுக்கு நம்ப முடியவில்லை. நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்கிற தோரணையில் உடனே மறுபடி கேட்டார். வெளியேற நல்ல வாசல் அது. ஃபோர்டு அந்த வாசலில் போகாமல், யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று பெயர் சொல்லி அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அடுத்த சில நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

அதனால் கேள்வி கேட்பது நம் வேலை. வாசலில் போவதும் போகாததும் அவர் பாடு.

#9 இரண்டாம்பெஞ்ச்

சாக்பீஸ்தூசி ஐயா, தலைகீழ் விமானக் கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் என் பயம் சார் இல்லை, வகுப்புதான். அதிகப்பிரசங்கி என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் எழுந்து கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

#10 வட்டமேசை

பார்ப்பார்கள். ஆனால் உன்னைப் போலவே இன்னும் இரண்டு பேருக்கு அந்தச் சந்தேகம் இருக்கக்கூடும். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை தெரியுமா? கோடுகளைக் காட்டி எது இதோடு சம நீளம் என்று கேட்பது. குழந்தைக்கும் தெரிகிற விடை. ஆனால் கூட இருப்பவர்கள் எல்லோரும், முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள், ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போனது. எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே அந்த அளவு பெரிதும் இறங்கிவிட்டது.

முதலில் கேட்பவனுக்குப் பட்டப்பெயர் கிடைக்கலாம். அடுத்த வாரம் இரண்டாவதாக ஒருத்தி கேட்பாள், அவளுக்குக் கிடைக்காது.

#11 ஓடுபாதை

கேள்வியாகக் கேளுங்கள் என்று எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். நான் வேலை செய்யும் துறையில் அந்த அறிவுரையால் உயிர் போயிருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்து விமானத்தின் தலைமை விமானி ஓடுபாதையில் வேகமெடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தரும் தலைமைப் பயிற்சியாளர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்துக்கான தகுதிச் சோதனையை நடத்தியவரும் அவர்தான். அதாவது, அந்த அறையில் அவர்தான் ஆசிரியர். பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம். அதே ஓடுபாதையில் எதிரே இருந்த பான் அமெரிக்கன் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 என்ற விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் விமானி வட்டமடித்துக்கொண்டே இருக்க, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் எரிபொருள் பற்றிச் சொல்லாமல் இல்லை. ஆனால் நிலைமை எவ்வளவு மோசம் என்பது விமானிக்கு உறைக்கும்படி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள்.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான், 1979-இல் நாசா நடத்திய ஒரு பயிலரங்கிலிருந்து தொடங்கி, மூத்தவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பதே ஒரு பாடமாக வந்தது. அதில் படிப்படியாக ஏறச் சொல்வார்கள். முதலில் கேள்வி. பதில் திருப்தி இல்லையென்றால் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று நேராக. அதற்கும் அசையவில்லை என்றால் "இது ஆபத்து, நிறுத்துங்கள்". ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை எதிரில் இருக்கும் ஆபத்து தீர்மானிக்கும், எதிரில் இருக்கும் ஆளின் வயதோ பதவியோ இல்லை.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். இறக்கை விளக்கம் ஒரு வாரம் தவறாக இருந்தால் யாருக்கும் காயம் வராது, மெதுவாகக் கேட்கலாம். வேதியியல் ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டார் என்றால் அங்கே நாசூக்குக்கு இடமே இல்லை. அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். "நில்லுங்கள் சார்!" என்று கத்த வேண்டும். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

#12 சாக்பீஸ்தூசி

ஓடுபாதை சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் என் மாணவன் கத்தினால் அவனுக்கு நானே முதல் வரிசையில் இடம் போட்டுத் தருவேன்.

#13 நெறியாளர்

இறக்கை மேலே போவதற்குக் காரணம் அழுத்த வித்தியாசமா (பெர்னூலி), காற்றைக் கீழே தள்ளுவதன் எதிர்வினையா (நியூட்டன்) என்று சண்டை போட்ட பதினோரு பதிவுகளை இயற்பியல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். இரண்டும் சரிதான், ஒரே நிகழ்வை இரண்டு விதமாகக் கணக்குப் போடுவது என்று அங்கே முடித்திருக்கிறார்கள். இங்கே தலைப்போடு பேசுங்கள்.

#14 கணக்குப்பிள்ளை

தேர்வில் எதை எழுதுவது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே. சும்மாவந்தேன் சொன்னதைத் தவிர.

ரிச்சர்ட் ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகளில் ஒரு தவறு இருந்தது. மூடிய கடத்தியின் உள்ளே மின்னூட்டங்களை எப்படி வைத்தாலும் வெளியே புலம் வராது என்று அச்சாகியிருந்தது. கடத்தியைத் தரையோடு இணைத்திருந்தால்தான் அது உண்மை. அந்த நிபந்தனை விட்டுப்போயிருந்தது. ஒரு கல்லூரி மாணவி அதை நம்பித் தேர்வில் எழுத, ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. அவர் ஃபைன்மனுக்கே எழுதிக் கேட்டார். 1975-இல் வந்த பதிலில் ஃபைன்மன், உங்கள் ஆசிரியர் மதிப்பெண் தராதது சரிதான், புத்தகத்தில்தான் தவறு, எப்படி நேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். அதோடு விடவில்லை: என்னை நம்பியதால் நீங்களும் தவறிவிட்டீர்கள், அறிவியலில் ஆளை நம்பாமல் வாதத்தை நம்ப வேண்டும் என்றும் எழுதினார்.

படிக்கும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த மாணவிக்கு மார்க் கிடைக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வாதத்தை நம்பு என்று நோபல் பரிசு வாங்கியவர் சொல்வது எளிது.

இரண்டாம்பெஞ்ச், உனக்கு என் யோசனை இது. சார் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. மேலே காற்று வேகமாகப் போகிறது, உண்மை. மேலே அழுத்தம் குறைவு, உண்மை. அந்த வித்தியாசம் இறக்கையை மேலே தள்ளுகிறது, உண்மை. "ஒரே நேரத்தில் சேர வேண்டும்" என்ற ஒரு வரி மட்டும்தான் பொய். அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுது. தெரிந்தே பொய்யை எழுதவில்லை, விடைக்குறிப்பில் உள்ள முக்கியமான சொற்களும் வந்துவிட்டன.

#15 சும்மாவந்தேன்

நான் சொன்னதையே நாலு பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள் பிள்ளைவாள்.

#16 மேடைக்கீழே

ஆசிரியர் பற்றியே பேசுகிறோம். மேடைப் பேச்சாளர் விஷயம் வேறு. ஆசிரியர் நாளைக்கும் வருவார், பேச்சாளர் மாலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த வகுப்பில் திருத்துவது என்ற வழியே கிடையாது.

நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்கிறவன் என்பதால் எல்லா ரகமும் பார்த்தாயிற்று. ஆண்டு மாற்றிச் சொல்வது, பெயரைத் தவறாக உச்சரிப்பது இதெல்லாம் பேச்சின் முடிவை மாற்றாது என்றால் விட்டுவிடலாம். அவரவர் மனத்தில் திருத்திக்கொள்வார்கள். ஆனால் பேச்சு முழுக்கவே ஒரு பொய்யின் மேல் நிற்கும்போது விடக்கூடாது. "மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான், மீதித் தொண்ணூறை நான் எழுப்பித் தருகிறேன்" என்று பேசுகிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூளையில் சும்மா கிடக்கும் தொண்ணூறு சதவீதம் என்று ஒன்று இல்லை. சின்னப் பகுதி பாதிக்கப்பட்டாலே பேச்சோ நடையோ போய்விடுகிறதே, அது ஏன் என்று கேட்டாலே போதும்.

கேள்வி நேரம் இருந்தால் அங்கே கேளுங்கள், ஒரே கேள்வி, இரண்டு வாக்கியம். மைக் கையில் வந்ததும் "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பித்துத் தனிச் சொற்பொழிவு நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பேச்சாளர் மேலேயே பரிவு வந்துவிடுகிறது. கேள்வி நேரம் இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கொடுங்கள். பேச்சின் பதிவை இணையத்தில் ஏற்றும்போது கீழே ஒரு திருத்தக் குறிப்புப் போடச் சொல்லுங்கள். அரங்கில் நூறு பேர் கேட்டிருந்தாலும் பதிவை அதைவிட அதிகம் பேர் பார்ப்பார்கள், எனவே இந்த வழி பார்க்க மெல்லியதாக இருந்தாலும் பலன் அதிகம்.

இணைய வழிக் கூட்டங்களில் இன்னொரு சங்கடம். ஒருவர் அரட்டைப் பெட்டியில் "இது தவறு" என்று சுட்டியோடு போடுவார், அடுத்த நிமிடம் இருபது பேர் அதையே போடுவார்கள். பேச்சாளருக்கு அது தெரியாது, கேட்பவர்கள் யாரும் பேச்சைக் கவனிக்க மாட்டார்கள். நடத்துபவருக்குத் தனிச் செய்தி அனுப்பினால் அவர் சரியான இடத்தில் நிறுத்திக் கேட்பார்.

#17 பேச்சாய்வுமாணவி

திருத்தினால் மகிழ்கிறவர்களும் உண்டு என்பதற்காக இது. கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் 256-ஐ 100 என்று எழுதுவார்கள், அதனால் 256 சென்ட் என்பது அந்த முறையில் ஒரு டாலர் என்பது அவர் கணக்கு. வாங்கியவர்களில் பலர் அதைப் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். வங்கிக் கணக்கு மோசடி பயத்தில் 2008-இலிருந்து நிஜக் காசோலைக்குப் பதிலாக, கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் கொடுக்கிறார்.

#18 இரண்டாம்பெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. இன்று இடைவேளையில் சாரிடம் தலைகீழ் விமானக் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே படித்தாய் என்றார், சொன்னேன். நாளை மறுநாள் வகுப்பில் ஐந்து நிமிடம் தருகிறேன், நீயே எல்லோருக்கும் சொல் என்றார். கோபமாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இது பொறியா?

#19 நேர்வாக்கு

பொறியாக இருந்தாலும் போய் நில்.

#20 சாக்பீஸ்தூசி

பொறி இல்லை தம்பி. பொறி வைக்கிறவர் நாளை மறுநாள் வரை நேரம் தரமாட்டார், அன்றே எழுப்பிவிடுவார். அவரும் அதற்குள் படிக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்.

ஐந்து நிமிடத்தில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள். சார் சொன்னதில் எது சரி என்பதிலிருந்து ஆரம்பி, கணக்குப்பிள்ளை பட்டியல் போட்டுத் தந்திருக்கிறார். அப்புறம் அந்த ஒரு வரி. இது பல புத்தகங்களில் இருக்கிறது என்றும் சொல், ஏனென்றால் அது உண்மை. வெறுமனே தவறு என்று சொல்லி நிறுத்திவிடாதே. தவறு என்று மட்டும் கேட்ட விஷயம் மனத்தை விட்டுப் போவதில்லை, அந்த இடத்தில் வேறு விளக்கத்தை வைத்தால்தான் பழையது நகரும் என்று உளவியலில் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே சரியான காரணத்தை ஒரு வரியில் சொல்: சாய்ந்தும் வளைந்தும் இருக்கும் இறக்கை, கடந்து போகும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதற்கு எதிர்வினையாக இறக்கை மேலே தள்ளப்படுகிறது. தலைகீழாகப் பறக்கும்போது விமானி மூக்கை இன்னும் தூக்கிச் சாய்வைச் சரிசெய்துகொள்கிறார், அவ்வளவுதான்.

பெர்னூலியா நியூட்டனா என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்ளாதே, நெறியாளருக்கே அதில் பதினோரு பதிவு போனது.

நோட்டில் எந்த வரியை அடிக்க வேண்டும் என்று முடிவில் சார் வாயாலேயே சொல்ல வை. "எந்த வரியை மாற்றிக்கொள்ளலாம் சார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடு. தேர்வு விடை பற்றி வகுப்பில் கேட்காதே, அதை மட்டும் தனியாகக் கேள்.

#21 இரண்டாம்பெஞ்ச்

சரி ஐயா. காகித விமானம் ஒன்று கொண்டுபோகலாமா? அதன் இறக்கை தட்டைதானே, வளைவே இல்லாமல் பறக்கிறது.

#22 சாக்பீஸ்தூசி

கொண்டுபோ. ஆனால் வகுப்பில் ஒரு தடவைக்கு மேல் விடாதே, அப்புறம் நாற்பது பேரும் நோட்டைக் கிழிக்க ஆரம்பிப்பார்கள்.